மெயின்லேண்ட் தாளில் எழுதாத பல்

எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் எப்போதும் ஒரு தாள் ஒட்டியிருக்கும். மேலே 'மெயின்லேண்ட்' என்று எழுதி ஒரு கோடு போட்டிருப்பேன். அடுத்த லீவில் ஊருக்குப் போகும்போது முடிக்க வேண்டியவை எல்லாம் அதன் கீழே ஏறிக்கொண்டே போகும். கண்ணாடி பவர். வயிறு ஸ்கேன். சங்கிலிக் கொக்கி. ரவிக்கை ஆறு. பல். போர்ட் பிளேரில் லம்பா லைனில் எங்கள் பக்கத்து வீடுகள் எதற்குள் போனாலும் இந்தத் தாளைப் பார்க்கலாம். வங்காளி வீட்டில் வங்காளியில் இருக்கும், தெலுங்கு வீட்டில் தெலுங்கில் இருக்கும். பல் மட்டும் எல்லாத் தாளிலும் இருக்கும்.

இங்கே டாக்டர் இல்லாமல் இல்லை. பல் டாக்டரே பஜார் பக்கம் நாலைந்து பேர் இருக்கிறார்கள். ஆனாலும் தீவில் பல வருஷம் குப்பை கொட்டியவர்களுக்கு ஒரு புத்தி வந்துவிடும். உடம்பில் எது கெட்டாலும் மூட்டை கட்டி வைத்திருந்து, கடலைத் தாண்டிப் போய்த்தான் அவிழ்ப்போம். என் அலுவலகத்தில் அடுத்த மேசையில் ஒரு வங்காளி அக்கா இருக்கிறார். யார் எந்த வலியைச் சொன்னாலும் ஃபைலிலிருந்து தலையைத் தூக்காமல் "மெயின்லேண்ட் ஜாகே திகா லேனா" என்பார், அங்கே போய்க் காட்டிக்கொள் என்று. ஒருமுறை பேதியோடு வந்த மனிதரிடமும் அதையேதான் சொன்னார்.

நானும் அதே ரகம்தான். கல்யாணமாகி அருப்புக்கோட்டையிலிருந்து இங்கே வந்தேன். வீட்டுக்காரர் எலக்ட்ரிகல் கான்ட்ராக்ட் எடுப்பவர். எனக்கு இங்கேயே ஓர் அரசு அலுவலகத்தில் எழுத்தர் வேலை கிடைத்தது. அப்பா அதற்கு முன்பே போய்விட்டார். ஊரில் அம்மா, தம்பி, தம்பி பெண்டாட்டி, அவர்கள் பிள்ளைகள். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை லீவு போட்டுக்கொண்டு போவேன். கப்பலும் ரயிலும் தின்றது போக மிச்சம் இருக்கிற நாள்களில், தாளைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு டாக்டர் வாசலாகப் போய் உட்கார்ந்திருப்பேன். அம்மா கேட்டுவிடுவாள்.

"ஏத்தா, நீ என்னையப் பாக்க வாரியா, இந்த ஊரு டாக்டருகளப் பாக்க வாரியா?"

கேட்பாளே தவிர வீட்டில் இருக்க மாட்டாள். நான் செருப்பு மாட்டுவதற்குள் சேலையை மாற்றிக்கொண்டு தெருவில் இறங்கி நிற்பாள். பல் டாக்டர் ஓர் உரக்கடை மாடியில் இருந்தார். படி செங்குத்தாக ஏறும். முழங்காலில் கையை ஊன்றிக்கொண்டு, "பல்லுக்கு வைத்தியம் பாக்க வந்தவ காலு போயிரும் போல" என்று திட்டிக்கொண்டே ஏறுவாள். மேலே ஒரு மரப் பெஞ்சு. என்னை உள்ளே கூப்பிடும்போது என் கைப்பையையும் கண்ணாடியையும் வாங்கி மடியில் வைத்துக்கொள்வாள். பைக்குள் ஒரு சீப்பும் கைக்குட்டையும்தான் இருக்கும். அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, எதிரில் உட்கார்ந்திருக்கும் ஆளைச் சந்தேகமாகப் பார்த்தபடி இருப்பாள்.

என் வாயில் முதலில் வைத்தது வெள்ளி. கல்யாணத்துக்குப் பிறகு போன முதல் லீவில், இடது பக்கம் கீழே கடைவாய்ப் பல்லில். வெள்ளி என்று பெயர்தான். பாதரசத்தில் வெள்ளி, தகரம் எல்லாம் சேர்த்துக் குழைத்த சாம்பல் நிறப் பசை அது. சொத்தையைச் சுரண்டிக் குழி பறித்து, அதற்குள் வைத்துக் குத்திக் குத்தி அடைத்தார் டாக்டர். "பாக்க அழகா இருக்காது. ஆனா மாடு மாதிரி உழைக்கும்" என்றார். மறுநாள் வரை அந்தப் பக்கம் மெல்லக் கூடாது. அம்மா சோற்றைக் குழைய வடித்து ரசத்தில் கரைத்துக் கொடுத்தாள். கொடுத்துவிட்டு, பக்கத்து வீட்டுக்காரியிடம் போய், என் மகள் வாயில் வெள்ளி இருக்கிறது, உன் மகள் வாயில் என்ன இருக்கிறது என்று கேட்டுவிட்டு வந்தாள்.

அடுத்த லீவில் சிமெண்ட். நான் பல் தேய்ப்பது அடிபிடித்த பாத்திரம் விளக்குவது மாதிரி இருக்கும். மேல் பல் ஒன்று ஈறோடு சேரும் இடத்தில் தேய்ந்து பள்ளமாகி, தண்ணீர் பட்டாலே சுரீர் என்றது. அந்த இடத்துக்கு வெள்ளி நிற்காது என்று பல் நிறத்தில் ஒரு சிமெண்டைப் பூசினார். அது பல்லைத் தானாகப் பிடித்துக்கொள்ளுமாம், குழி பறிக்க வேண்டியதில்லையாம், பல்லுக்கு நல்லது செய்யும் ஃப்ளூரைடு அதிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கசியுமாம். மெல்லுகிற இடத்தில் வைத்தால் தேய்ந்துவிடும், ஓரத்துக்குத்தான் லாயக்கு. பளபளப்பு கிடையாது, சுண்ணாம்படித்த சுவர் மாதிரி இருந்தது. ஊசியே போடாமல் கால் மணி நேரத்தில் அனுப்பிவிட்டார். அம்மாவுக்கு ஏமாற்றம். "ஊசி போடாம என்னத்த வைத்தியம்" என்று படி இறங்கும் வரை சொல்லிக்கொண்டு வந்தாள்.

முன்பல்லுக்கு வைத்ததுதான் அவளுக்குப் பிடித்த அடைப்பு. இரண்டு பல் சேரும் இடத்தில் கறுப்பாக ஒரு சொத்தை விழுந்திருந்தது. அதற்குப் பல்லோடு பல்லாகத் தெரிகிற வெள்ளைப் பிசின். மாவு மாதிரி வைத்து, நீல வெளிச்சம் காட்டினால் இறுகிவிடும். நிறம் பொருந்துகிறதா என்று பார்க்க டாக்டர் என்னை ஜன்னல் ஓரம் நிறுத்தி, சாயம் சாயமாகப் பொய்ப்பல் கோத்த ஒரு பட்டையை என் உதட்டுக்குப் பக்கத்தில் பிடித்தார். கதவு திறந்திருந்தது. அம்மா பையோடு உள்ளே வந்துவிட்டாள். "அது வேணாம் சார், ரொம்ப வெள்ளையா இருக்கு. இவ பல்லு கொஞ்சம் மஞ்சதான்" என்று நாலாவதைத் தொட்டுக் காட்டினாள். எனக்கு மானம் போனது. டாக்டர் சிரித்துக்கொண்டே நாலாவதை எடுத்தார். இன்றைக்கும் என் முன்பல்லில் அடைப்பு எங்கே இருக்கிறது என்று யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

இடையில் ஒருமுறை புத்தி கெட்ட வேலையும் செய்தேன். வலது மேல் பல் வலித்ததற்கு போர்ட் பிளேரிலேயே ஒரு டாக்டர் தற்காலிகமாக மருந்து வைத்து அடைத்தார். கிராம்பு வாசனை அடிக்கிற வெள்ளை மண் மாதிரி இருந்தது. இரண்டு வாரத்தில் வாருங்கள், அதை எடுத்துவிட்டு நிரந்தரமாக அடைக்க வேண்டும் என்றார். வலி நின்றுவிட்டதா, நான் வீட்டுக்கு வந்து தாளில் 'பல்' என்று எழுதிவிட்டு நிம்மதியாக இருந்தேன். ஐந்து மாதம் கழித்துக் கப்பலில் மூன்றாம் நாள் மதியம், அப்பளத்தோடு அதுவும் வந்துவிட்டது. உரக்கடை மாடி டாக்டர் வாயைப் பார்த்துவிட்டு, "ரெண்டு வாரம் தாங்குறத அஞ்சு மாசம் வச்சிருந்தா நான் என்னம்மா பண்றது?" என்றார். அந்தப் பல்லைப் பிடுங்கத்தான் முடிந்தது. அன்றைக்கும் அம்மா வெளியே பெஞ்சில் என் பையோடு உட்கார்ந்திருந்தாள்.

இந்த வருஷம் அம்மாவுக்குச் சிறுநீரகம் இரண்டும் பழுதாகிவிட்டன. மருத்துவமனையில் கொஞ்ச நாள் வைத்திருந்து, வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். அதற்கு அர்த்தம் எல்லோருக்கும் தெரியும். பன்னிரண்டு நாள் லீவு எழுதிக் கொடுத்தேன். வீட்டுக்கு வந்து ஃபிரிட்ஜ் கதவிலிருந்த தாளைக் கிழித்துக் குப்பையில் போட்டேன். கண்ணாடியும் வேண்டாம், ஸ்கேனும் வேண்டாம், பன்னிரண்டு நாளும் அம்மா கட்டில் பக்கத்தில்தான் என்று முடிவு செய்துகொண்டேன். இருபத்திரண்டு வருஷமாக அவளிடமிருந்து டாக்டர்களுக்கு எடுத்துக் கொடுத்த நாள்களை எல்லாம் திருப்பிக் கொடுத்துவிடப் போவதாக ஓர் எண்ணம்.

பல்தான் குறுக்கே வந்தது. பழைய வெள்ளி விரிசல் விட்டு, இடது பக்கம் கடித்தால் உயிர் போனது. பஜாரில் ஒரு பெண் பல் டாக்டரிடம் காட்டினேன். வெள்ளிக்கு அடியில் புதுச் சொத்தை ஆழமாகப் போயிருக்கிறது, சீக்கிரம் செய்ய வேண்டும், புதன்கிழமை நேரம் இருக்கிறது என்றாள். ஊருக்குப் போய் இதற்காக இரண்டு மூன்று நாளைத் தொலைக்க நான் தயாராக இல்லை. விமானத்தில் செவ்வாய்க்கிழமையும் இடம் இருந்தது, வியாழக்கிழமையும் இடம் இருந்தது. நான் வியாழனைப் போட்டேன்.

"செவ்வாயே கெளம்பு. பல்ல அங்க பாத்துக்கலாம்" என்றார் வீட்டுக்காரர்.

"அங்க போயும் என்னைய டாக்டர் வாசல்லதான் உக்காரச் சொல்றீங்களா?" என்று அவர்மேல் பாய்ந்தேன். தம்பியிடம் கேட்டேன். "அவசரம் ஒண்ணும் இல்லக்கா. அம்மா பேசிக்கிட்டுதான் இருக்கு. வியாழக்கெழமையே வா" என்றான். ஆக, எல்லாம் நானே யோசித்து, நானே சண்டை போட்டு, நானே செய்துகொண்டதுதான். யாரையும் குறை சொல்வதற்கில்லை.

புதன்கிழமை காலை அந்தப் பெண் டாக்டர் எனக்கு என்னென்ன வைக்கலாம் என்று சொன்னாள். தெலுங்குக்காரி, இங்கேயே பிறந்தவள். தமிழையும் ஹிந்தியையும் ஒரே வாக்கியத்தில் பேசுவாள். வெள்ளி இப்போது அவள் வைப்பதில்லை. சிமெண்ட் மட்டும் வைத்தால் கடைவாயில் தேய்ந்துவிடும். அடியில் மருந்து, அதன்மேல் சிமெண்ட், அதற்கும் மேல் வெள்ளைப் பிசின் என்று அடுக்கினால் நன்றாக இருக்கும், ஆனால் ஒரு மணி நேரம் ஆகும்.

"இல்லன்னா டெம்பரரி போட்டு அனுப்பட்டுமா தீதீ? ஆப் மெயின்லேண்ட் ஜா ரஹே ஹோ நா, அங்க பக்காவா பண்ணிக்கோங்க."

அக்கா, நீங்கள்தான் மெயின்லேண்ட் போகிறீர்களே என்று எல்லோரும் அப்படித்தான் கேட்பார்கள் என்பதால் அவளும் கேட்டாள். "வேணாம், இங்கேயே முடிச்சுடுங்க. அங்க எனக்கு வேற வேல இருக்கு" என்றேன். தாடையின் கோடியில் ஊசி போட்டாள். கொஞ்ச நேரத்தில் நாக்கில் பாதியும் கீழுதட்டில் பாதியும் என்னுடையதாக இல்லாமல் போனது. உதவிக்கு இருந்த பெண் பையை வெளியே நாற்காலியில் வைக்கட்டுமா என்று கேட்டாள். வெளியே யாரும் இல்லை. வேண்டாம் என்று தலையாட்டி, வயிற்றின் மேலேயே வைத்துப் பிடித்துக்கொண்டேன்.

பழைய வெள்ளி துண்டு துண்டாக வந்தது. நாற்றமும் சத்தமும் மட்டும் தெரிந்தன, வலி தெரியவில்லை. நிறம் பார்க்க அதே மாதிரி ஒரு பட்டையை எடுத்து நீட்டினாள். "எதுவோ ஒண்ணு போடுங்க" என்றேன். நீல வெளிச்சம் காட்டினாள், அடுக்கினாள், மறுபடி காட்டினாள். "தீன் கண்டா" என்று மூன்று விரலைக் காட்டினாள். "மூணு மணி நேரம் மரப்பு இருக்கும் தீதீ. அதுவரைக்கும் சூடா எதுவும் வேணாம். உதட்ட நீங்களே கடிச்சுப்பீங்க, தெரியாது."

பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தபோது தம்பி கூப்பிட்டான். மணி பன்னிரண்டு இருக்கும்.

"அக்கா, அம்மாவுக்கு மூச்சு ஒரு மாதிரி இழுக்குது. ஆள் தெளிவாத்தான் இருக்கு. காதுல போன வைக்கிறேன், பேசு. சீக்கிரம் பேசு."

நான் அம்மா என்றேன். உதடு ஒட்டியதா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. ஏதோ ஒரு சத்தம் வந்தது. பாதி நாக்கு செத்துக் கிடந்தது. நாளைக்கு வந்துவிடுவேன் என்று சொன்னேன். இந்தத் தடவை எந்த டாக்டரிடமும் போக மாட்டேன், முழுக்க உன் கூடத்தான் என்று சொன்னேன். அத்தனை நாளாக மனசுக்குள் சொல்லிப் பார்த்து வைத்திருந்த வார்த்தைகள் அவை. எல்லாம் கொழகொழவென்று எச்சிலோடு வெளியே வந்தன. பக்கத்தில் நின்ற ஆள் என்னைக் குடிகாரி என்று நினைத்திருப்பார், கொஞ்சம் தள்ளிப் போய் நின்றார். போனில் மூச்சு கேட்டது. அப்புறம் அம்மா குரல், மெதுவாக ஏதோ சொன்னது. எனக்கு ஒரு வார்த்தையும் பிடிபடவில்லை, பஸ் வந்து நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. தம்பி போனை வாங்கி, "டாக்டரக் கூட்டிட்டு வாரேன்க்கா" என்று வைத்துவிட்டான்.

முக்கால் மணி நேரம் கழித்து மறுபடி கூப்பிட்டான். நான் அப்போது வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். அவன் சொன்னதைக் கேட்டுவிட்டு "சரி" என்றேன். வீட்டுக்காரர் ஓடி வந்தார். அன்றைக்கு சென்னைக்கு வேறு இடம் கிடைக்குமா என்று யார் யாருக்கோ போன் போட்டார். கிடைக்கவில்லை. டீ போட்டுக் கொடுத்தார், ஆறியபிறகு குடித்தேன், கடைவாய் வழியாகப் புடவையில் ஒழுகியது, அது ஒழுகுவதும் எனக்குத் தெரியவில்லை. அவர்தான் துடைத்துவிட்டார். அழுகை வரும் என்று காத்திருந்தேன். மூன்று மணி நேரமும் முடிந்து உதடு திரும்பி வந்தது. வேறெதுவும் வரவில்லை.

வியாழக்கிழமை என் டிக்கெட்டிலேயே போனேன். விமானத்தில் பல் ஒரு துளி கூட வலிக்கவில்லை. எனக்காக அம்மாவை ஐஸ் பெட்டியில் வைத்திருந்தார்கள். மகள் வந்துவிட்டாள் என்று வாசலில் ஒப்பாரி பெருத்தது. நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து கண்ணாடி வழியாக முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "தீவுல கெடந்து தீவுல கெடந்து மனசு கல்லாப் போச்சு இவளுக்கு" என்று பெரியம்மா ஒருத்தி எனக்குக் கேட்கும்படியாகவே சொன்னாள். சொல்லிவிட்டுப் போகட்டும். எனக்கே அப்படித்தான் தோன்றியது.

லீவை நீட்டித்து, கருமாதி முடியும் வரை இருந்தேன். சாப்பிட்டேன், தூங்கினேன், வருகிறவர்களுக்குப் பாய் விரித்தேன். இடது பக்கம் முறுக்கைக் கூடக் கடிக்க முடிந்தது. அவ்வளவு நல்ல வேலை செய்திருந்தாள் அந்தப் பெண். எரிச்சல் வந்தது ஒரே ஒரு விஷயத்துக்குத்தான். தம்பி பெண்டாட்டி எனக்கு மட்டும் தினமும் ஆறிய காப்பி கொடுத்தாள். மற்றவர்கள் டம்ளரில் ஆவி பறக்கும், என் டம்ளர் சில்லென்று இருக்கும். துக்க வீட்டில் காப்பிக்குச் சண்டை போடுவதா என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். கிளம்புவதற்கு முதல் நாள் காலை பொறுக்க முடியவில்லை. டம்ளரோடு அடுப்படிக்கே போய்க் கேட்டுவிட்டேன்.

"எனக்கு மட்டும் ஏன் தெனமும் ஆறுன காப்பி? நான் உனக்கு என்ன பண்ணுனேன்?"

அவள் பயந்துபோய் அடுப்பை அணைத்தாள். "இல்ல அண்ணி. அத்தைதான் சொன்னாங்க."

"எப்ப சொன்னாங்க?"

"அன்னிக்கு நீங்க போன்ல பேசுனீங்கள்ல, அப்ப. அவுக டாக்டரக் கூப்பிட ஓடிட்டாக. நான் மட்டுந்தான் கால் பக்கம் உக்காந்திருந்தேன். 'பல்லுக்கு ஊசி போட்டிருக்கா. வந்தா சூடா எதுவும் குடுத்துராத, வாயச் சுட்டுக்குவா'ன்னாங்க. எத்தன நாளைக்குன்னு சொல்லல. அதான் நானும் அப்படியே குடுத்துக்கிட்டிருக்கேன்."

நான் சொன்னது எதுவும் அம்மாவுக்குப் புரிந்திருக்காது. ஆனால் அந்தக் கொழகொழ சத்தம் அவளுக்குப் பழக்கம். ஊசி போட்ட ஒவ்வொரு லீவிலும் உரக்கடைப் படியில் அவள் தோளைப் பிடித்து இறங்கிக்கொண்டு அந்த வாயோடுதான் அவளிடம் பேசியிருக்கிறேன். வீடு நிறைய ஆள் இருக்கும் ஊரில், நானும் அவளும் மட்டுமாக இருந்த நேரமே அந்தப் படியும் பெஞ்சும்தான். அதைத்தான் நான் வீணாய்ப் போன நாள் என்று கணக்கு வைத்திருந்தேன்.

"வேற ஏதாச்சும் சொன்னாங்களா?"

"ஒண்ணு கேட்டாங்க அண்ணி. என்னமோ நெனவு தப்பிப் பேசுறாங்கன்னு நெனச்சு நான் யாருகிட்டயும் சொல்லல. 'அங்க அவ பைய யாரு வச்சிருக்கா'ன்னு கேட்டாங்க. ரெண்டு தடவ கேட்டாங்க. எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியல. அண்ணன்தான் கூடப் போயிருக்காக, அவுக கையிலதான் பை இருக்குன்னு சொல்லிட்டேன். அப்பதான் கண்ண மூடுனாங்க."

பை என் வயிற்றின் மேல் இருந்ததை அவளிடம் சொல்லவில்லை. அவள் காப்பியைச் சுட வைத்துத் தருகிறேன் என்று டம்ளருக்குக் கையை நீட்டினாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அங்கேயே தரையில் உட்கார்ந்து அதைக் கடைசி வரை குடித்தேன்.